முறத்தளவு வறண்ட மண்

மார்ச் 3, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. கிட் பையைத் திறக்க மனம் வரவில்லை. ஈரச் சட்டைகள் உள்ளேயே கிடந்து நாறட்டும்.

இரண்டாவது டெஸ்டில் என் பங்கு ஏழு ரன், அப்புறம் பூஜ்யம். அணி ஜெயித்துவிட்டது, தொடர் இப்போது ஒன்றுக்கு ஒன்று. எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நானும் குதித்தேன், கல்யாண வீட்டு போட்டோவில் யாரென்றே தெரியாமல் ஓரத்தில் நிற்பவனைப் போல. நாளைக்குப் பேப்பரில் அந்தப் படம் வந்தால் என் தலையை வெட்டிவிட்டுத்தான் போடுவார்கள்.

வெளிநாட்டில் நான் நன்றாகத்தான் ஆடுகிறேன். பந்து எகிறும் இடம், காற்றில் வளையும் இடம், மற்றவர்கள் விரலை உடைத்துக்கொண்டு திரும்பும் இடம் எல்லாவற்றிலும் எனக்கு ரன் வருகிறது. சொந்த நாட்டில் பந்து சுழல ஆரம்பித்தால் கால் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் ரசிகர்கள் வைத்த பெயர் ‘வெளியூர் சிங்கம்’. நேற்று அவுட் ஆகிப் படியேறும்போது ஒருவன் கத்தினான், “சிங்கம், உனக்கு பாஸ்போர்ட் எடுத்துட்டு வரட்டுமா?” பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது, அதுதான் கொடுமை.

விமான நிலையத்தில் தேர்வாளர் ஒருவர் தோளில் கை போட்டார். “மூணாவது டெஸ்டையும் பாத்துடலாம்னு இருக்கோம்” என்றார். அந்தக் குரலில் இருந்த இனிப்பு நல்லதற்கில்லை. மே மாதம் வெளிநாட்டுப் பயணம். மூன்றாவது டெஸ்டில் ஏதாவது செய்தால் அதில் இடம். இல்லையென்றால் முப்பத்து நான்கு வயதில் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

மார்ச் 4, புதன்

“ரிட்டயர் ஆனா என்ன செய்யறதா உத்தேசம்?” என்று மனைவி கேட்டாள். சும்மாதான் கேட்டாளாம்.

மார்ச் 5, வியாழன்

அணிக் கூட்டம். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

மூன்றாவது டெஸ்ட் நம் ஊர் மைதானத்தில், என் வீட்டிலிருந்து கால் மணி நேர தூரத்தில். கோச் திரையில் பிட்ச் படத்தைப் போட்டார். எதிரணியின் முதல் ஏழு பேரில் ஐந்து பேர் இடதுகை ஆட்டக்காரர்கள். பந்து குத்தி எழும்பும் இடத்தில், இடதுகைக்காரனின் ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே, இரண்டு முனையிலும் சிவப்பில் ஒரு வட்டம். முறத்தளவுதான் இருக்கும்.

“இந்த எடத்துக்கு மட்டும் தண்ணி கிடையாது. புல்லச் சுரண்டி எடுத்துடணும். மத்த எடமெல்லாம் வழக்கம்போல. மூணாவது நாள் நம்ம ஆஃப் ஸ்பின்னர் அங்க போட்டார்னா ஒருத்தனும் நிக்க மாட்டான்” என்றார்.

நம் அணியில் வலதுகைக்காரர்களுக்கு அந்த இடம் லெக் ஸ்டம்புக்கு வெளியே போய்விடும். அவர்களுக்கு ஒரு வம்பும் இல்லை. நம் முதல் ஏழில் இடதுகைக்காரன் ஒரே ஒருத்தன்தான். அந்த ஒருத்தன் மூன்றாவது வரிசை நாற்காலியில் கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தான்.

யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. வேகப்பந்து வீச்சாளன் ஒருவன்தான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கடைசியில் கேப்டனுக்கு ஞாபகம் வந்தது.

“அண்ணே, உங்களுக்கு ஓகேதானே? அவங்க ஆஃப் ஸ்பின்னர் ஒண்ணும் பெரிய ஆள் இல்ல. நீங்க சமாளிச்சுக்குவீங்க.”

“எனக்கென்ன” என்றேன்.

எனக்கென்ன! என் டீமே எனக்குக் குழி தோண்டுது, நான் கூடை எடுத்துக் குடுக்கறேன். ஏன் வாயைத் திறக்கல? பயம். வேற என்ன? ‘இவன் தன்னைப் பத்தி மட்டும் யோசிக்கிறான்’னு ஒரு வார்த்தை வந்துடும்னு பயம். யோசிச்சா என்ன தப்பு? என்னைப் பத்தி வேற எவன் யோசிக்கப்போறான்?

மார்ச் 6, வெள்ளி

மைதானத்துக்குப் போனேன். மச்சானைப் பார்க்க.

அங்கே பிட்ச் தயாரிப்புக்குத் தலைமை இவளுடைய அண்ணன்தான். அகலத் தொப்பியும் கழுத்தில் துண்டுமாக ரோலருக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். பிட்ச்சுக்குப் பக்கத்தில் பறவை வந்து உட்கார்ந்தால்கூட முறைப்பார். இன்று என்னையும் அப்படித்தான் பார்த்தார்.

“தெரியும் மாப்பிள்ளை. காலையிலயே உங்க கோச் வந்து, ஷூவால கோடு கிழிச்சுக் காட்டிட்டுப் போயிட்டார்.”

“அந்த எடம் எனக்கு எங்க வரும்னு தெரியுமா மச்சான்?”

“தெரியாமலா இருக்கும்? கல்யாணத்துக்கு முன்னாடியே நீங்க எந்தக் கைன்னு விசாரிச்சுட்டுத்தானே பொண்ணு குடுத்தோம்.”

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. கேட்டுவிட்டேன். “ஒரே ஒரு வாளி தண்ணி. சாயங்காலம் எல்லாத்துக்கும் விடும்போது அங்கயும் கொஞ்சம் தெளிச்சு விட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, திரும்ப மாட்டிக்கொண்டார். “முழங்கால் வலி உயிர் போகுது. வாங்க, டீ சாப்பிடலாம்” என்றார். டீ குடித்தோம். கால் வலியைப் பற்றியே பேசினார்.

செய்வாரா, மாட்டாரா? டீ வாங்கிக் கொடுத்தது சம்மதமா, சமாதானமா?

மார்ச் 7, சனி

இவளிடம், அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். அவ்வளவுதான், வீடு இரண்டாகிவிட்டது.

“எங்கண்ணன் வேலைக்கு உலை வைக்கப் பாக்கறீங்களா?”

“என் வேலைக்கு உலை வச்சிருக்கறது உங்கண்ணன்தான்.”

“அவரா வச்சார்? உங்க கோச்சு சொன்னப்ப நீங்க அங்கதானே உக்காந்திருந்தீங்க. வாயில என்ன வச்சிருந்தீங்க?”

பதில் இல்லாதபோது நான் கத்துவேன். கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் மூடப்பட்டது.

மார்ச் 8, ஞாயிறு

மச்சானே வீட்டுக்கு வந்துவிட்டார். தங்கை போன் செய்து அழுதிருக்கிறாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொன்னார்.

அவர் மைதானத்துக்கு ஏற்கெனவே கரும்புள்ளி இருக்கிறது. ஆட்ட நடுவர் இன்னொரு முறை ‘மோசம்’ என்று எழுதிவிட்டால் ஒரு வருடத்துக்கு அங்கே சர்வதேச ஆட்டம் கிடையாது. இந்த வட்டத்தைச் சுரண்டுவதில் அவருக்கும் விருப்பமில்லை. ஆனால் கோச் சொன்ன பிறகு கிரிக்கெட் வாரியத்திலிருந்தும் போன் வந்துவிட்டது. எல்லாம் வாய் வார்த்தைதான்.

“நான் மாட்டேன்னா வேற ஆளக் கூட்டிட்டு வருவாங்க மாப்பிள்ளை. அவன் உங்களுக்கு மச்சானும் இல்ல, மாமனும் இல்ல. நல்லா ஆழமாவே சுரண்டுவான். நான்னா கை கொஞ்சம் லேசா போகும். அவ்வளவுதான் என்னால முடியும். தண்ணி விட்டேன்னா நிறம் காட்டிக் குடுத்துடும். உங்க கோச் மறுநாளே கண்டுபிடிச்சுடுவார்.”

“அப்ப நான் சாக வேண்டியதுதான்.”

“என்னங்க பேச்சு இது” என்று இவள் உள்ளிருந்து வந்தாள். மச்சான் தொப்பியைத் தலையில் வைத்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. நல்ல மனுஷன் கையாலாகாமல் நிற்பதைப் பார்ப்பது கெட்டவனைப் பார்ப்பதைவிட எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

வலைப்பயிற்சி. நம் ஆஃப் ஸ்பின்னரை ஒரு வறண்ட இடத்தில் போடச் சொல்லி ஆடினேன். ஒன்று சுழன்று வெளியே போகிறது, அடுத்தது அதே இடத்தில் விழுந்து நேராக வருகிறது. எது எப்படி வரும் என்று போடுகிற அவனுக்கே தெரியவில்லை. எத்தனை முறை அவுட் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். “போதும்ணே, எனக்கே பாவமா இருக்கு” என்றான்.

மார்ச் 10, செவ்வாய்

ஒரு கிறுக்குத்தனம் தோன்றியிருக்கிறது.

மதியம் பிட்ச்சைப் பார்க்கப் போனேன். இரண்டு வட்டங்களும் நிறம் வெளுத்துப் பொருக்குத் தட்டிக் கிடந்தன. கையில் பேட் இல்லை, சுருட்டிய பேப்பர்தான். வெறுப்பில் அதைப் பிடித்து வலதுகைக்காரன் மாதிரி திரும்பி நின்றேன். நின்றதும் அந்த வட்டம் என் முதுகுப் பக்கம் போய்விட்டது. லெக் ஸ்டம்புக்கு வெளியே! அங்கே விழுகிற பந்து காலில் பட்டால் எல்பிடபிள்யூ அவுட் கிடையாது. இடதுகைக்காரனாக நின்றால் என்னைக் கொல்லும் பந்தை, வலதுகைக்காரனாக நின்றால் காலை நீட்டி உதைத்துத் தள்ளலாம்.

நான் பிறவி இடதுகைக்காரன் இல்லை. எழுதுவது, சாப்பிடுவது, பந்து எறிவது எல்லாம் வலது. ‘இடதுகைன்னாதான் செலக்‌ஷன்ல கண்ணுல படுவே’ என்று அப்பா பேட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவர் கணக்கு சரியாகவும் இருந்தது, இந்த வாரம் வரைக்கும்.

மாலை மொட்டைமாடியில் இவளை டென்னிஸ் பந்து போடச் சொன்னேன். மூன்று நாளாக என்னோடு சரியாகப் பேசாதவள், பந்து போடுவதற்கு மட்டும் உடனே வந்தாள். கோபத்தையெல்லாம் சேர்த்து வீசினாள். வலதுகை ஆட்டம் எனக்குக் கேவலமாக இருந்தது. ஆனால் ஆஃப் ஸ்பின்னை உதைத்துத் தள்ள அழகு தேவையில்லை.

“இப்படியா மேட்ச்ல நிக்கப் போறீங்க?”

“முதல்ல மாட்டேன். வேற வழியே இல்லேன்னா.”

“சிரிப்பாங்களே.”

“இப்ப மட்டும் அழறாங்களா?”

சிரித்துவிட்டாள். இந்த மாதத்தில் வீட்டில் நடந்த ஒரே நல்ல காரியம்.

மார்ச் 12, வியாழன் — முதல் நாள்

டாஸில் தோற்றோம், அவர்கள் ஆடினார்கள். இருநூற்றுச் சொச்சத்தில் சுருண்டார்கள். ஐந்து இடதுகைக்காரர்களில் நான்கு பேர் அந்த வட்டத்தில்தான் விழுந்தார்கள். பந்து குத்தும்போதெல்லாம் தூசி எழும்பியது, அதுவும் முதல் நாளே. கோச் பெவிலியனில் துள்ளினார். மச்சான் எல்லைக் கோட்டருகே கவர் தள்ளுகிறவர்களோடு உட்கார்ந்திருந்தார், தொப்பியை முகத்தில் இறக்கிவிட்டு.

மார்ச் 13, வெள்ளி

மூன்று ரன். ‘பெரிய ஆள் இல்லை’ என்று சொல்லப்பட்ட அந்த ஆஃப் ஸ்பின்னர், எனக்குப் போட்ட நான்காவது பந்தில். திரும்பி நிற்கத் தைரியம் வரவில்லை.

மற்றவர்கள் அடித்தார்கள், ஓரளவு முன்னிலை. அவர்களுக்கு அந்த வட்டம் இருப்பதே தெரியவில்லை.

மார்ச் 14, சனி

அவர்கள் இரண்டாவது இன்னிங்ஸில் போராடிவிட்டார்கள். நமக்குத் தேவை நூற்று ஐம்பத்து நான்கு. இன்று கடைசி அரைமணி நேரம் எப்படியோ தப்பித்தேன், ஒற்றை ரன்னோடு. நாளைக் காலை அந்த ஆஃப் ஸ்பின்னர்தான் தொடங்குவான்.

பயமா இருக்கு. முதல் டெஸ்ட் ஆடினப்பகூட இவ்வளவு பயம் இல்ல. நாளைக்கு அவுட் ஆனா அதுதான் கடைசி. மைதானத்தை விட்டு வர்ற அந்த நடை, அந்தப் படி, அதுதான் கடைசி. நான் வேற என்ன கத்துக்கிட்டேன்? ஒண்ணும் இல்ல. பந்து எகிறுனா அடக்கி ஆடத் தெரியும். அதுக்கு இந்த ஊர்ல என்ன வேலை கெடைக்கும்?

திரும்பி நிற்கிறேன். சிரிக்கட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

ஜெயித்தோம். தொடர் நம்முடையது. நான் நாற்பத்தொன்று. உணவு இடைவேளை தாண்டி, தேநீர் இடைவேளை வரைக்கும் நின்றேன்.

முதல் ஓவரில் வலதுகைக்காரனாக நின்றதும் அம்பயர், “நீங்க சரியாத்தான் நிக்கறீங்களா?” என்றார். எதிரணிக் கேப்டன் கைகளை விரித்தான். ஃபீல்டர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் ஓட வேண்டியிருந்தது. மறுமுனையில் வேகப்பந்து, அந்த ஓவருக்கு நான் இடதுகைக்குத் திரும்பினேன், அவர்களும் திரும்ப ஓடினார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் பந்தை உதைத்தேன். மறுபடி உதைத்தேன். தொடைக் கவசம் வலது காலில், பந்து படுவதோ இடது தொடையில். இப்போது அந்தத் தொடை கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. நடுவில் சிரிப்பு நின்றுவிட்டது, அப்புறம் கைதட்ட ஆரம்பித்தார்கள். எந்த ஓவரிலிருந்து என்று தெரியாது.

தேர்வாளர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “மே மாசத்துக்குப் பொட்டி கட்டிக்கங்க.”

பொட்டி கட்டிக்கங்க! இதைப் பத்துத் தடவை எழுதலாம் போலிருக்கிறது. இவள் ஐஸ்கட்டி வைத்துக்கொண்டே, “அந்த ஆஃப் ஸ்பின்னரவிட நான்தான் வேகமா போட்டேன்” என்றாள்.

மார்ச் 17, செவ்வாய்

ஆட்ட நடுவரின் அறிக்கை வந்துவிட்டது. ‘மோசம்’.

ஒரு வரியை எல்லாச் செய்தியிலும் காட்டுகிறார்கள். ‘இடதுகை ஆட்டக்காரருக்கு இந்த ஆடுகளம் எவ்வளவு பாதகமாகத் தயாரிக்கப்பட்டிருந்தது என்பதற்கு, உள்ளூர் அணியின் தொடக்க ஆட்டக்காரரே தம் இயல்பான கையைக் கைவிட்டுத் திரும்பி நின்று ஆட வேண்டியிருந்ததே சான்று.’

சான்று. நான்தான் சான்று. அதன் பக்கத்தில் என் படம், வலதுகைக்காரனாக, நாக்கை வெளியே தள்ளிக்கொண்டு.

மூன்று ரன்னில் இரண்டாவது தரமும் அவுட் ஆகியிருந்தால் யாரும் எதையும் கவனித்திருக்க மாட்டார்கள். ‘சிங்கத்துக்கு ஸ்பின் ஆட வராது’ என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார்கள்.

மார்ச் 18, புதன்

ஒரு வருடத் தடை உறுதி. மச்சானை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வாரியத்தின் அறிவிப்பு: ‘ஆடுகளத் தயாரிப்பாளர் தன்னிச்சையாகச் செயல்பட்டிருப்பதாகத் தெரிகிறது. விசாரணை நடைபெறும்.’

தன்னிச்சையாகவாம்.

மார்ச் 20, வெள்ளி

இவள் என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை. சாப்பாடு போடுகிறாள், தொடைக்கு மருந்து தடவுகிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை.

மச்சானுக்கு போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தாள். “தூங்கறார்” என்றாள். காலை பதினோரு மணிக்கு. அவர் பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

கேப்டன் போன் செய்தான். பத்து நிமிடம் பயணத்தைப் பற்றியே பேசினான்.

“முதல் டெஸ்ட் நடக்கற எடத்துல புல்லு பச்சைப் பசேல்னு இருக்காம்ணே. உங்களுக்காகவே போட்ட மாதிரி. நீங்கதான் அங்க எங்களக் கரையேத்தணும்.”

பிறகு குரல் தணிந்தது. “விசாரணைக்கு உங்களயும் கூப்பிடுவாங்க. அந்த மீட்டிங்ல பிட்ச் பத்திப் பேச்சே வரலேன்னுதான் நாங்க எல்லாரும் சொல்லியிருக்கோம். வழக்கமான மீட்டிங். அவ்வளவுதான்ணே. டீம் அறிவிப்பு அதுக்கு அடுத்த ரெண்டு மூணு நாள்ல.”

“அவர் என் மச்சான்பா.”

“தெரியும்ணே. அதனாலதான் நானே போன் பண்றேன். அவருக்கு வேற எங்கயாவது வேலை பாத்துக்கலாம். நாம எல்லாரும் சேர்ந்து பாத்துக்கலாம்.”

நல்லவன்தான். அவனுக்கும் கேப்டன் பதவி போய்விடுமோ என்ற பயம். இங்கே பயப்படாதவன் எவனும் இல்லை.

மார்ச் 27, வெள்ளி

மூன்று நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறேன். ‘எனக்கு நினைவில்லை.’ ‘எனக்கு நினைவில்லை.’ கண்ணாடி முன்னால் நன்றாகவே வருகிறது.

யோசித்துப் பார்த்தால் நியாயம் என் பக்கமும் இருக்கிறது. வட்டத்தைச் சுரண்டியது யார்? மச்சான். முடியாது என்று சொல்லியிருக்கலாமே. நான் ஒரு வாளி தண்ணீர் கேட்டபோது கால் வலியைப் பற்றிப் பேசியவர்தானே. அவருக்குப் பயம் வரலாம், எனக்கு வரக்கூடாதா? நான் உண்மையைச் சொன்னாலும் தடை நீங்காது. மைதானம் போனது போனதுதான். இரண்டு பேர் மூழ்குவதைவிட ஒருத்தர் மூழ்குவது மேல் இல்லையா?

இப்படியெல்லாம் எழுதிப் பார்த்தேன். படிக்கும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. கிழிக்கவில்லை, இருக்கட்டும்.

எனக்கு அந்தப் பச்சைப் பிட்ச் வேணும். வேணும்னா வேணும். அங்க நான் நல்லா ஆடுவேன். அதுக்கப்புறம் எது வேணா நடக்கட்டும். ஒரே ஒரு தடவ, போற நாளை நானே தீர்மானிச்சுட்டுப் போகணும். இது ரொம்பப் பெரிய ஆசையா?

மார்ச் 29, ஞாயிறு

மச்சான் வந்தார். நாளை விசாரணை. கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று தயாராகவும் இருந்தேன், கொஞ்சம் கோபத்தோடு.

அவர் கேட்கவில்லை. பழைய சம்பளப் பாக்கி, முழங்கால், தங்கையின் இருமல், இவற்றைப் பற்றிப் பேசினார். தொப்பி போடாமல் வந்திருந்தார். நெற்றியில் வெயில் படாத பாகம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. பாவி மனுஷா, ஒரு வார்த்தை கேளேன், நான் முடியாது என்று சொல்லித் தொலைக்கிறேன்!

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “நல்லா ஆடினீங்க மாப்பிள்ளை அன்னிக்கு. அந்தப் பக்கம் திரும்பி நிப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல” என்றார். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன், இல்லை.

மார்ச் 30, திங்கள்

சொல்லிவிட்டேன்.

நீளமான மேசை, மூன்று பேர். ஓரத்தில் கோச், பக்கத்தில் கேப்டன். கதவுப் பக்கம் தனி நாற்காலியில் மச்சான். நடுவில் இருந்தவர் கேட்டார்: “மார்ச் அஞ்சாம் தேதி அணிக் கூட்டத்துல ஆடுகளம் பத்தி ஏதாவது பேசினீங்களா?”

‘எனக்கு நினைவில்லை’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இது சத்தியம். நெஞ்சில் ஒரு வீரமும் எழவில்லை. அவர் எழுதத் தயாராகப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம். நான் ‘இல்லை’ என்றதும் எழுந்துவிடலாம் என்று மூன்று பேரும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். மச்சானும்தான். அவரும் எழுந்திருக்கத் தயாராக முழங்காலில் கையை ஊன்றிவிட்டார்.

அவருக்கே என் பதில் தெரிந்திருந்தது. அது தாங்கவில்லை.

“பேசினோம்” என்றேன். “நாங்கதான் கேட்டோம். திரையில படம் போட்டு, எங்க சுரண்டணும்னு வட்டம் போட்டுக் காட்டினாங்க. ஆட்சேபணை உண்டான்னு என்கிட்ட கேட்டாங்க. இல்லேன்னு சொன்னேன். அதனால என்னையும் சேர்த்துத்தான் எழுதிக்கங்க.”

கோச், “இவரோட மச்சான், அதான்...” என்று ஆரம்பித்தார். கேப்டன் தலை குனிந்துகொண்டான். அப்புறம் நிமிர்ந்து, யாரும் கேட்காமலே, “ஆமாங்க. பேசினோம்” என்றான். அதை நான் எதிர்பார்க்கவில்லை.



ஏப்ரல் 2, வியாழன்

பயணத்துக்கான அணி அறிவிப்பு. என் பெயர் இல்லை. ‘ஓய்வளிக்கப்பட்டுள்ளது’ என்று போட்டிருக்கிறார்கள். நான் களைப்பாக இருப்பதாக யாரிடமும் சொல்லவில்லை. கேப்டன் இருக்கிறான், கோச்சும் இருக்கிறார். எனக்குப் பதிலாக ஒரு புதுப் பையன், வலதுகை.

இவள் பேப்பரை மடித்து எங்கேயோ வைத்துவிட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

ஏப்ரல் 16, வியாழன்

மச்சானைத் திரும்ப வேலையில் சேர்த்துவிட்டார்கள். இந்த ஒரு வருடம் உள்ளூர் ஆட்டங்கள் மட்டும்.

ஏப்ரல் 28, செவ்வாய்

இன்று அவர்கள் கிளம்பிப் போனார்கள். விமானம் போகிற நேரம் எனக்குத் தெரியும், தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. குளியலறைக் குழாயைக் கழற்றிப் புதிது மாட்டினேன். முன்னைவிட அதிகமாக ஒழுகுகிறது.

மே 7, வியாழன்

முதல் டெஸ்ட், முதல் நாள். டிவியைப் போடுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். மதியம் மச்சான் வந்தார், வந்ததும் ரிமோட்டை எடுத்துவிட்டார். எல்லோரும் ஆட்டக்காரனைப் பார்ப்பார்கள், இவர் தரையைத்தான் பார்ப்பார். பிட்ச்சை அருகில் காட்டியதும் நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

“அடேயப்பா! எப்படிப் போட்டிருக்கான் பாருங்க மாப்பிள்ளை! புல்லு ஒரே சீரா நிக்குது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஒரு வித்தியாசம் இல்ல. பந்து எகிறுது, ஆனா பொய் சொல்லல. அடக்கி ஆடத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் நின்னான்னா நாள் முழுக்க...”

நிறுத்திவிட்டார்.

புதுப் பையன் ஒரு பந்தைத் தொடாமல் விட்டுவிட்டான். விட்டிருக்க வேண்டிய பந்துதான். அடுத்ததை அவன் தொட்டான், தொட்டிருக்கக் கூடாது. என் கை மடியில் தானாக, இல்லாத ஒரு பேட்டை உள்ளே இழுத்துக்கொண்டது. மச்சான் அதைப் பார்த்தார். இவள் சமையலறை வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள்.

“அணைச்சுடட்டுமா?” என்றார் மச்சான்.

“வேணாம் மச்சான், ஓடட்டும்” என்றேன். “சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வைங்க.”